டேப் திரும்பும் சத்தம்

ஓடுகிறது, கழுதை ஓடுகிறது! ஜெனோவாவுக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினாலும் பார்க்க யாருமில்லை. துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கண்டெய்னர் யார்டின் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமையானால் காலியாகத்தான் கிடக்கும். கேட்டில் வாட்ச்மேன் பலவேசம், உள்ளே கண்ணாடி அறையின் ஏசிக் குளிரில் அவள், அவளுக்கு எதிரே எல்லோரும் மெஷின் என்கிற அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர். மெஷினின் தலைமேல் கருப்பு டப்பாவாக உட்கார்ந்திருந்த டேப் டிரைவுக்குள் டேப் சுற்றிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, யார்டின் மொத்தத் தகவலும் டிஸ்கிலிருந்து டேப்புக்கு நகலாகிக்கொண்டிருந்தது. எல்லாம் அவள் தட்டிய கட்டளைக்கு. அவள் கை தட்டிய கட்டளைக்கு! காலையில் முதல் பூசைக்கே போய்விட்டாள், முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் மாதாவின் முகம் வரவில்லை, கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது. போகட்டும், மாதாவுக்குத் தெரியாதா, இன்றைக்கு இவள் சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிற நாள் என்று. வீட்டுக்கு வந்து ஆப்பத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அம்மா கேட்டாள், “ஞாயித்துக்கிழமையும் ஆபீசா, அப்படி என்னத்தளா கிழிக்கப் போற?” கிழிக்கவில்லை அம்மா, ஒட்டப்போகிறேன். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடப்போகிறேன். அதற்குப் பெயர்தான் பேட்ச்.

மெஷினுக்குக் கொஞ்ச நாளாகச் சித்தப்பிரமை. நன்றாக வேலை செய்துகொண்டே இருக்கும், திடீரென்று திரையெல்லாம் உறைந்து நின்றுவிடும், கேட்டில் லாரிகள் வால் மாதிரி வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஆபீஸ் பெண்களின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்கள். மெஷினைச் செய்தவர்கள் பேட்ச் அனுப்பியிருந்தார்கள், சிடியில், அவள் மேஜை மேல் பளபளவென்று கிடந்தது. அது சிஸ்டத்தின் அடிமடியில் கை வைக்கிற சமாச்சாரம். சரியாக உட்கார்ந்தால் பிரமை தெளியும், உட்காராவிட்டால் மெஷின் எழுந்திருக்காமலே போகலாம். அதனால்தான் முதலில் பேக்கப். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தத்துக்குச் சொல்லி வைப்பது மாதிரி. மெஷின் படுத்தாலும் டேப்பில் எல்லாம் இருந்தால் போதும், திரும்ப எழுப்பிவிடலாம். டேப்பில் இல்லையென்றால்? ஜன்னல் வழியே பார்த்தாள். வெயிலில் கண்டெய்னர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, சிவப்பும் நீலமும் துருவுமாக, கடல் தெரியாதபடி நின்றன. எதில் இறால், எதில் தீப்பெட்டி, எதில் முந்திரி, எது எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில், சாயங்காலம் வரப்போகிற கப்பலில் எது ஏற வேண்டும், எல்லாம் இந்த மெஷினுக்கு மட்டுமே தெரியும். அதற்கு மறந்துபோனால் அத்தனையும் வெறும் இரும்புப் பெட்டி. சீ, இதை ஏன் இப்போது நினைக்கணும். ஓடுகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது.

இத்தனை வருடமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தது கம்ப்யூட்டர் இன்ஜினியர் ரகோத்தமன். சென்னையிலிருந்து ரயிலேறி வருவார், ஹோட்டல் அறை, கார், மத்தியானம் மீன் இல்லாத சாப்பாடு. அவர் தட்டுவார், ஜெனோவா பின்னால் நிற்பாள். பாஸ்வேர்டு போடும்போது “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா” என்பார், இவள் திரும்பிச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பாள், காலண்டரில் இருந்த கப்பல் இவளைப் பார்த்துச் சிரிக்கும். டேப் மாற்றுவது, பிரிண்டருக்கு ரிப்பன் போடுவது, இதுதான் அவளுக்கு விதித்தது. ஆனால் கண்ணைத்தான் திருப்பச் சொன்னார், காதை இல்லையே. சாவிகள் விழும் சத்தத்தையும் அவர் தனக்குத்தானே முணுமுணுப்பதையும் பொறுக்கிப் பொறுக்கியே பாதி படித்தாள், மீதியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினோடு வந்த தடித்தடிப் புத்தகங்களில் படித்தாள். போன வாரம் மேனேஜர் கொம்பையா சார் தண்ணீர் கேன் பக்கம் கூப்பிட்டு, பெண் கேட்டு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, ஒன்னால முடியுமா? முடியும்னா நீயே பேட்சப் போடு. நல்லாப் போட்டுட்டேன்னா இனி மெஷின் ஒன் பொறுப்பு. சொதப்புனேன்னு வையி, பழையபடி ரகோத்தமன்தான், நான் ஒண்ணும் பேச முடியாது” என்று சொல்லி பாஸ்வேர்டைக் காதில் போட்டார். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கமா வந்தது? மனசுக்குள் அந்த எழுத்துகளைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டே கிடந்தாள். இன்று காலை மெஷினில் அதைத் தட்டி, கட்டளைக்குக் காத்திருக்கிறேன் என்று சின்னதாக ஒரு குறி திரையில் வந்து நின்றபோது, தெரு முழுக்க வேட்டு போட்டால் என்ன என்றிருந்தது.

அப்போது டிரைவிலிருந்து ஒரு சத்தம். டக், பிறகு நீளமாக ஒரு ஊளை, கீழே இறங்கி இறங்கி, கடைசியில் இன்னொரு டக். முதல் பாகம் முடிந்தது என்று திரையில் வந்தது. யார்டு தகவல் ஏறிவிட்டது! மூன்று பாகம்: முதலில் யார்டு தகவல், அடுத்து ஆட்களின் சொந்தக் கோப்புகள், கடைசியில் சிஸ்டம். ரகோத்தமன் எழுதிவைத்த வரிசை அது, ஒரே டேப்பில் மூன்றும். தினமும் ராத்திரி யாருமில்லாதபோது தானாகவே ஓடும், காலையில் வந்து டேப்பை உருவி வேறொன்றைச் செருகுவாள், பழையது இரும்பு அலமாரிக்குப் போகும். அது ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இன்றுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த ஊளை மட்டும் காதிலேயே நின்றது. எங்கேயோ கேட்ட சத்தம். நெருங்கிக் கேட்ட சத்தம். இவ்வளவு குளிரில் ஏன் மண்ணெண்ணெய் வாசம் நினைவுக்கு வரணும்? அடுப்பு, அம்மா, அடுப்புப் பக்கம் பலகையில் டேப் ரெக்கார்டர். ஆமா, அதுதான், கேசட் பின்னால் சுற்றித் திரும்புகிற சத்தம். அப்பாவின் கேசட். அப்பா மிக்கேல் சரக்குக் கப்பலில் போனவர், வருடத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில். கடிதம் எழுதச் சொன்னால் கை வராது, பேசச் சொன்னால் வாய் மூடாது, அதனால் கேசட்டில் பேசி யாராவது ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். எப்போதும் ஒரே ஆரம்பம். “ஏளா, கேக்குதா?” அப்புறம் கொஞ்சம் இடம் விடுவார், பதில் வருமென்று நம்பி நிற்பவர் மாதிரி. அம்மாவும் விட மாட்டாள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே டேப் ரெக்கார்டரைப் பார்த்து, “கேக்குது, சொல்லுங்க” என்பாள். ஜெனோவாவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அப்பாவின் அந்த வார்த்தையை வைத்துத்தான் காலையில் ஒரு கூத்துச் செய்திருந்தாள். பேக்கப் சரியா என்று பார்க்க ஒரு சின்னக் கோப்பு வேண்டும், யார்டு தகவலுக்குள் அதைப் போட்டுவைத்து, பிறகு டேப்பிலிருந்து திருப்பி எடுத்துப் பார்க்கணும் என்று தடிப்புத்தகத்தில் இருந்தது. ரகோத்தமன் அதெல்லாம் செய்து பார்த்ததில்லை. கோப்பில் என்ன எழுதுவது என்று யோசித்தவள், மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்பதால் இங்கிலீஷ் எழுத்திலேயே, கேக்குதா, என்று ஒரே வார்த்தை அடித்து வைத்தாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பார்க்கட்டுமே. கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு பலவேசம் டீயோடு வந்தார். “யம்மா, உள்ள வரலாமா? செருப்பக் கழத்திட்டேன்.” வாங்கண்ணே என்றாள். மெஷினை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளயா அம்புட்டுப் பெட்டியும் இருக்கு?” என்றார். “பெட்டி வெளியதான் இருக்கு, வெவரம் உள்ள இருக்கு.” “அப்ப நான் காவ காக்க வேண்டியது இதத்தான். தெரியாம கேட்டுல நிக்கேன்” என்று சிரித்துக்கொண்டே போனார். டீ நன்றாக இருந்தது. எல்லாமே நன்றாக இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வந்தாலென்ன, வேண்டாம், நகராதே, கோழி முட்டை மேல் உட்காருவது மாதிரி உட்கார். ரகோத்தமன் இனி ரயிலேற வேண்டியதில்லை. பாவம், நல்ல மனுஷன்தான், ஆனாலும் வேண்டியதில்லை.

டக். ஊளை. இரண்டாவது பாகமும் முடிந்தது, மூன்றாவது ஆரம்பித்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை, காது நிமிர்ந்துகொண்டது. ஏன் திரும்புகிறது? முடிந்தால் திரும்பும், அவ்வளவுதானே. ஆனால் முடியவில்லையே, இன்னும் ஒரு பாகம் இருக்கிறதே. அம்மா கேசட்டைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திருப்புவாள், ஊளை, டக், பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தித் தன் பதிலைப் பேசுவாள். அதே கேசட்டில். புதிது வாங்கலாமே என்றால், “அவிய கை பட்டது, அவியகிட்டயே போகட்டும்” என்பாள். ஓட்டில் ஒழுகுவது, மாமன் மகள் கல்யாணம், ஜெனோவா கணக்கில் வாங்கிய மார்க்கு, ஆரம்பித்தால் நாடா தீருகிறவரைக்கும் பேசுவாள். அவர் பேசியதன் மேலேயே பேசுவாள். அந்தக் கேசட் அங்கே போகும், அவர் அதன் மேல் பேசுவார், இங்கே வரும். ஒரே கேசட், இரண்டு பேர், ஒருவர் குரலை ஒருவர் அழித்து அழித்து இத்தனை வருடம் குடும்பம் நடத்தினார்கள். எந்த நேரமும் அதில் ஒரே ஒரு குரல்தான். கடைசியாகப் பேசியவர் குரல். கடைசியாக எழுதியது. மேலேயே எழுதியது. ஜெனோவா கையிலிருந்த டம்ளரை வைத்தாள். டேப் திரும்பிப் போய் ஆரம்பத்தில் நிற்கிறது. இரண்டாவது பாகம் ஆரம்பத்திலிருந்துதான் எழுதியிருக்கிறது, முதல் பாகத்தின் மேலே. இப்போது மூன்றாவது இரண்டாவதன் மேலே. அம்மா! யார்டு தகவல்?

இருக்காது, இருக்கக் கூடாது, இத்தனை வருடம் ஓடியிருக்கிறதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மூன்றாவது பாகம் முடியும்வரை உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். டக், ஊளை, டக். டேப்பில் என்ன இருக்கிறது காட்டு என்று தட்டினாள். சிஸ்டம் இருந்தது. சிஸ்டம் மட்டும்தான் இருந்தது. அலமாரியைத் திறந்து நேற்றைய டேப்பைப் போட்டாள், சிஸ்டம் மட்டும். இன்னொன்று, அதிலும் அப்படியே. அலமாரி நிறைய, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் அவளே முத்து முத்தாக எழுதி ஒட்டிய தேதியோடு, யார்டு தகவல் இல்லாத டேப்புகள். போன வருடம் பிரிண்டர் அமைப்பு கெட்டுப்போனபோது ரகோத்தமன் அதை டேப்பிலிருந்து எடுத்தார், வந்தது, எல்லோரும் ஆகா என்றார்கள். வராமல் என்ன, அது சிஸ்டத்தைச் சேர்ந்தது. வேறு எதையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. இந்தச் சத்தம் மட்டும் காதில் விழாமல் அவள் படியேறி இறங்கப் போயிருந்தால், பேட்ச் சிடியைத் தள்ளியிருந்தால், மெஷின் படுத்திருந்தால்! ஆனால் பயம் போன வழியிலேயே பின்னாலேயே இன்னொன்று ஏறி வந்தது. கண்டுபிடித்துவிட்டாளே! யாருக்கும் கேட்காதது அவளுக்குக் கேட்டுவிட்டதே! அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது, கொம்பையா சாராகத்தான் இருக்கும். முடிந்தது சார் என்று சொல்லிவிட்டால் என்ன? பேட்ச் நல்லபடியாகவே உட்காரலாம், பத்துக்கு ஒன்பது உட்காரும், பேக்கப்பை நாளைக்கு அமைதியாகச் சரிசெய்துகொள்ளலாம், மெஷின் அவள் கைக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் தாமதம், தாமதமென்றால் ரகோத்தமன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது, துணிகளுக்கு நடுவே அந்தக் கேசட். அம்மா அதைப் போட்டாள். அவள் குரலே வந்தது. ஓடு ஒழுகுவதும் கணக்கு மார்க்கும் வந்தது. அவரிடம் போய்ச் சேர்ந்திருந்த பதில், அவர் அதன் மேல் பேசுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியிலாவது ஓரத்தில் அவருடையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று அம்மா நாடா தீரும்வரை தன் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டியிருக்கவில்லை. அவள்தான் தீரும்வரை பேசுகிறவளாயிற்றே.

போனை எடுத்தாள். “ஏம்மா ஜெனோவா, பேட்ச் போட்டாச்சா? சாயங்காலம் கப்பல் பெர்த்துக்கு வந்துரும், தெரியும்லா?” “இல்ல சார், பேட்ச இன்னும் தொடல. பேக்கப் தப்பாப் போவுது சார். இன்னைக்கு மட்டும் இல்ல, மொதல்லேருந்தே. நம்ம ஒரு டேப்புலயும் யார்டு டேட்டா கிடையாது.” “வெளாடுதியா?” “மூணு பாகமும் டேப்புல வரிசையா நிக்கணும் சார். ஒண்ணு முடிஞ்சதும் டேப் ஆரம்பத்துக்கு ஓடிருது, அடுத்தது அதுக்கு மேலயே எழுதிருது. கடைசில எழுதுன சிஸ்டம் மட்டுந்தான் மிச்சம்.” “அது ரகோத்தமன் எழுதுனதுலா?” “ஆமா சார்.” “அப்ப இத்தன வருசத்துல டிஸ்க் போயிருந்தா?” “ஆள விட்டு ஒவ்வொரு பெட்டியா ஏறிப் பாத்திருக்கணும்.” கொம்பையா சார் மூச்சு விட்டார். “சரி, நிறுத்து. ஒண்ணும் செய்யாத. அடுத்த ஞாயித்துக்கிழம ரகோத்தமன வரச் சொல்லுதேன். அவரே வந்து பாத்துக்கிடட்டும்.” வந்துவிட்டது, அவள் பயந்த வார்த்தை. காலண்டர் கப்பல் சுவரிலிருந்து சிரித்தது. குரல் வெளியே வந்தது, அவளே எதிர்பாராத அளவு சத்தமாக. “சார், அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒரு பேக்கப்பும் இல்லாம மெஷின ஓட்டப் போறீங்களா? கண்டுபிடிச்சவ நான். டேப் திரும்பாம எழுத வைக்கவும் எனக்குத் தெரியும். டேப்புலேருந்து யார்டு டேட்டாவ ஒரு கோப்பாவது திருப்பி எடுத்துப் பாக்காம பேட்சுல கை வைக்க மாட்டேன். வரலேன்னா நானே உங்களுக்குப் போன் பண்ணுதேன், ரகோத்தமன் சாரக் கூப்பிடுங்க.” “என்ன சத்தம் போடுத,” என்றார் கொம்பையா சார், பாதி சிரிப்பாக. “செய்யி. கப்பலுக்கு முன்னால முடி.”

செய்தாள். டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒரு பெயரில் கூப்பிட்டால் எழுதி முடித்துத் திரும்பிப் போகும், இன்னொன்றில் கூப்பிட்டால் முடித்த இடத்திலேயே நிற்கும். ரகோத்தமன் முதல் பெயரிலேயே கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான், மனுஷன் மேல் கோபம்கூட வரவில்லை. மாற்றினாள், ஓடவிட்டாள். டேப் சுற்றியது. முதல் பாகம் முடிந்தது, டக். பிறகு ஒன்றுமில்லை. ஊளை இல்லை. அப்படியே நிற்கிறது, சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி நிற்கிறது! அந்த நிசப்தத்தை அவள் காதை நீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டாவது பாகம், டக், நிசப்தம். வெளியே வெயில் சாய்ந்து கண்டெய்னர்களின் நிழல் ஆபீஸ் சுவர்வரை வந்துவிட்டிருந்தது, தூரத்தில் ஒரு கப்பல் ஹாரன் கொடுத்தது, அது நம்முடையதாக இருக்கக் கூடாது, இருந்தாலும் இருக்கட்டும், அவசரப்பட மாட்டேன். மூன்றாவதும் முடிந்தது. டேப்பில் என்ன இருக்கிறது காட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றும் வரிசையாக, தோளோடு தோளாக. இனி கடைசிச் சோதனை. டிஸ்கில் இருந்த அந்தச் சின்னக் கோப்பைத் தன் கையாலேயே அழித்தாள். ஒரே வார்த்தைதான், காலையில் அவள் அடித்ததுதான், திரும்ப அடித்தால் ஆச்சு. இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றது மெஷின். இனி அது இந்த டேப்பில் மட்டும்தான் இருக்க முடியும், இருந்தால். கொடு என்று தட்டினாள். டிரைவ் அசைந்தது, நின்றது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்து அணைந்தது. மாதாவே. மாதாவே, காலையில் உன்னைச் சரியாகக் கும்பிடவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே. திரையில் அந்தக் குறி வந்து நின்றது. கோப்பைத் திற என்றாள்.

திறந்தது. கருப்புத் திரையில், எட்டணாக் காசின் அகலம்கூட இல்லாமல், இங்கிலீஷ் எழுத்தில், கேக்குதா. பக்கத்தில் வெள்ளைக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது, பதிலுக்கு இடம் விட்டதுபோல. ஜெனோவாவுக்குக் கண் நிறைந்து எழுத்துகள் கலங்கின. இவ்வளவு சந்தோஷத்திலும் அழுகை வருமா, வந்தது. டீ டம்ளரை எடுக்க வந்த பலவேசம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறாரே என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. “கேக்குது,” என்றாள் மெஷினைப் பார்த்து, அம்மா சொல்வது மாதிரியே. “சொல்லுங்க.” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்ச் சிடியை உள்ளே தள்ளினாள்.